மூன்றாவது ஜன்னலோரத்து இலை

என் கணவருக்கு நெஞ்சுவலி வந்து வேலூருக்குத் தூக்கிக்கொண்டு ஓடிய அன்று நான் எந்தச் சாமியையும் கூப்பிடவில்லை. ஆம்புலன்ஸ் டிரைவரைத்தான் வழியெல்லாம் திட்டிக்கொண்டு போனேன். கண்ணமங்கலம் தாண்டும்போது அவர் பொறுமையாகச் சொன்னார்: "நீங்க கொஞ்சம் சும்மா இருந்தீங்கன்னா நான் இன்னும் ஜல்தியா போவேம்மா." அதற்குப் பிறகுதான் வாயை மூடினேன். மூடிய பிறகும் கும்பிடத் தோன்றவில்லை. எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும். பிறவிக் குணம், என்ன செய்வது.

சம்பந்தம் பிழைத்துக்கொண்டார். ஸ்டென்ட் வைத்தார்கள். இரண்டு வாரத்தில், உப்புப் போடாத சாம்பாருக்காக என்னோடு சண்டை பிடிக்கும் அளவுக்குத் தேறினார். நான்கு மாதம் போயிருக்கும். சென்னையில் வேலை பார்க்கும் எங்கள் மகள் ஜெயப்ரியா ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாள்.

"அம்மா, ஒரு விஷயம் சொல்றேன். கத்தக் கூடாது."

"விஷயத்தச் சொல்லு. கத்தறதா வேணாமான்னு அப்பறம் பாக்கறேன்."

"அப்பா ஐசியூல இருந்தப்ப குமரேசன் மாமா நேர்ந்துகினாராம். அப்பா எழுந்து நடந்தா மாதாவுக்குப் பட்டுப்புடவை சாத்தறேன்னு. சின்னக்காவனூர் மாதா கோயில். பொழச்சவங்களே நேர்ல வந்து சாத்தணுமாம். மாமாக்கு உங்ககிட்ட சொல்ல வாய் வரல. ராதிகா அத்தைதான் எனக்கு போன் பண்ணி அழுதாங்க."

நான் கத்தவில்லை. அடுப்பில் பால் பொங்கி வழிவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன்.

குமரேசன் என் தம்பி. கூடப் பிறந்தவன் அவன் ஒருவன்தான். மனைவி ராதிகாவோடு சேவூரில் இருக்கிறான். ஆரணியில் எங்கள் தெரு முனையில் டவுன் பஸ் ஏறினால் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷத் தூரத்தை நான் ஆறு வருஷமாகக் கடக்கவில்லை. "எனக்குத் தம்பின்னு யாரும் கெடையாது" என்று நாலு பெரிய மனிதர்கள் முன்னால் நானே சொன்னேன். சண்டை ஒரு புடவைக் கரைக்காக. வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள். ஆரணியில் சிரிக்க மாட்டார்கள்.

எங்கள் வீட்டுப் புடவைக்குத் திராட்சைக் கரை என்று பெயர். பச்சைக் கரை நெடுகக் கொடி ஓடும், ஜரிகையில் பழக்கொத்து தொங்கும். இலைகள் எல்லாம் வலப்பக்கம் பார்த்திருக்கும். நாலு கொத்துக்கு ஒருமுறை ஒரே ஓர் இலை மட்டும் இடப்பக்கம் திரும்பிப் பார்க்கும். என் மாமனார் தருமன் கிராஃப் தாளில் கட்டம் கட்டமாகப் போட்ட டிசைன் அது. அந்தத் தாளைப் பார்த்துத்தான் அட்டையில் ஓட்டை அடிக்கிறோம். அட்டைகளைக் கோத்துத் தறிக்கு மேலே ஜக்கார்டு பெட்டியில் மாட்டினால், எந்த இழை எழும்ப வேண்டும், எது படுக்க வேண்டும் என்று அந்த ஓட்டைகளே சொல்லிவிடும். எங்கள் வீட்டில் அட்டை அடிப்பது நான். கல்யாணமாகி வந்த வருஷத்திலிருந்து நான்தான்.

அந்தத் திரும்பிய இலை எங்கள் வீட்டு முத்திரை. அப்பாவின் கனவில் அம்மன் காட்டிய கரை, அந்த இலையைப் பார்த்து வாங்குங்கள் என்று சம்பந்தம் வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கல்யாணப் புடவை எடுக்க வருகிறவர்கள் கனவுக் கதையைக் கேட்டதும் கையெடுத்துக் கும்பிட்டு வாங்கிப் போவார்கள். நாங்கள் வீடு கட்டியது, மகளைப் படிக்க வைத்தது எல்லாம் அந்தக் கரைதான்.

ஆறு வருஷத்துக்கு முன்னால் அதே கரை, அதே இலையோடு, குமரேசன் தறியிலிருந்து இறங்கியது. எங்களுக்குத் தெரிந்தது எப்படி என்றால், ஒரு கடைக்காரர் அதைக் காட்டி, "இது உங்க மச்சான் நெய்தது, உங்களதவிட நெருக்கமா இருக்குது" என்று சம்பந்தத்திடமே சொல்லிவிட்டார். அதில் கடைசி வார்த்தைதான் அவரைக் கொன்றது.

தெருப் பெரியவர்கள் கூப்பிட்டுக் கேட்டார்கள். குமரேசன் பயப்படாமல் சொன்னான்: "மாமா வீட்டு டிசைனை நான் எடுக்கல. தேசூர் தாண்டி சின்னக்காவனூர்ல ஒரு பழைய மாதா கோயில் இருக்குது. அந்தச் சுவத்துல இருக்குது இந்தக் கொடி. அங்க பாத்துதான் போட்டேன். இந்த இலையும் அங்க அப்படித்தான் இருக்குது." செல்போனை எடுத்துப் போட்டோவும் காட்டினான்.

என் கணவர் பேசுவதற்கு முன்னால் நான்தான் பேசினேன். "கம்ப்யூட்டர்ல டிசைன் போடறவன் நீ. போட்டோல இலைய ஒட்டறதா உனக்குக் கஷ்டம்" என்றேன். எல்லோரும் தலையாட்டினார்கள். நாற்பத்தைந்து கிலோமீட்டர். யாராவது ஒருவர் பைக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பார்த்திருந்தால் அன்று மத்தியானமே முடிந்திருக்கும். யாரும் போகவில்லை. என் ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது.

அந்தக் கரையை அவன் இனி நெய்யக் கூடாது என்று முடிவானது. மறுநாள் காலை கதவைத் திறந்தால் வாசலில் அவனுடைய அட்டைக் கட்டு கிடந்தது. முழுசாக, கயிறு கூட அவிழ்க்காமல். "கொளுத்திப் போடு" என்றார் சம்பந்தம். "நான் பாத்துக்கறேன்" என்று எடுத்துக்கொண்டு உள்ளே போனேன்.

அந்தத் தம்பிதான் இப்போது என் தாலிக்காக நேர்ந்துகொண்டிருக்கிறான், அதுவும் அந்தக் கோயிலில்.

சம்பந்தத்திடம் சொன்னேன். வெகுநேரம் கட்டிலில் உட்கார்ந்து மாத்திரை அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"போவலாம். ஆனா எதுக்கு அவ்ளோ தூரம்? சேத்துப்பட்டுலயே பெரிய மாதா கோயில் இருக்குது. அங்க சாத்தினா போதாதா? ரெண்டும் ஒரே மாதா தானே."

"நேர்ந்தது அங்க. சாத்தறதும் அங்கதான்."

"சரி. ஆனா ஒண்ணு. நம்ம கரை வெச்ச புடவைதான் சாத்தணும். நம்ம வீட்ல வேற எது இருக்குது?"

அவருக்கு உள்ளுக்குள் பயம் இருந்தது, எனக்கும் இருந்தது. பயத்தை மறைக்க அவர் வீம்பு பிடிப்பார், நான் கத்துவேன். இருபத்தாறு வருஷக் குடித்தனத்தில் இதுகூடத் தெரியாதா? அரக்குக் கலர் உடல், பச்சைத் திராட்சைக் கரை. தறியிலிருந்து அறுத்து இரண்டு நாள் கூட ஆகாத புதுப் புடவையை மஞ்சள் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டோம்.

வாடகைக் காரில் காலை எட்டு மணிக்குக் கிளம்பினோம். சேத்துப்பட்டில் பெரிய கோயில் கோபுரம் தெரிந்தபோது சம்பந்தம் என்னைப் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். வண்டி நிற்காமல் போனது.

சின்னக்காவனூர் மாதா கோயில் வெளியிலிருந்து பார்க்க ஒன்றுமே இல்லை. வயல் நடுவில் பழுப்பேறிய சுவர், ஓட்டுக் கூரை, ஒற்றை மணி, வேப்பமரத்தடியில் கட்டிய இரண்டு ஆடுகள். நெல் மூட்டை அடுக்கும் கிடங்கு என்று சொன்னாலும் நம்பிவிடலாம். எனக்கு மனசு லேசானது. இங்கே என்ன இருந்துவிடப் போகிறது என்று செருப்பைக் கழற்றினேன்.

உள்ளே கால் வைத்ததும் அப்படியே நின்றுவிட்டேன்.

விதானம் முழுக்க நீலம். சாதாரண நீலம் இல்லை, மயில் கழுத்து நீலம். அதில் பொன்னால் நட்சத்திரங்கள். தூண்களுக்குச் சிவப்புக் கல் போலவே வரி வரியாக வர்ணம் தீட்டியிருந்தார்கள், தொட்டுப் பார்த்தால்தான் காரை என்று தெரிந்தது. தரையில் பூப்போட்ட பழைய ஓடுகள், கால்பட்டுக் கால்பட்டு நடுவில் மட்டும் பூ தேய்ந்திருந்தது. பீடம் ஆள் உயரத்துக்கு மேலே, மரத்தில் செதுக்கித் தங்க முலாம் பூசியது. அதில் மூன்றடி உயரத்தில் மாதா. எதைப் பார்த்தாலும் இதற்கு எத்தனை கலர் நூல், எத்தனை அட்டை என்று மனசுக்குள் எண்ணிப் பார்ப்பது என் வழக்கம். இங்கே எண்ண முடியவில்லை. நூற்றுச் சொச்சம் வருஷத்துக்கு முன்னால் இந்தப் பொட்டல் காட்டில், சனங்கள் கூழ் குடித்த காலத்தில், யாரோ ஒருவர் சாரத்தில் படுத்துக்கொண்டு இத்தனை நட்சத்திரத்தையும் ஒவ்வொன்றாக வைத்திருக்கிறார்.

சுவரைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பீடத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன்.

கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சவரியம்மாள் எங்களைக் கண்டு வந்தார். ஐம்பது வயதிருக்கும், தூக்கிச் செருகிய நைலக்ஸ் புடவை, கையில் ஒட்டடைக் கம்பு. சங்கதி கேட்டுக்கொண்டார்.

"நெஞ்சுவலியா? ஆண்டவரே. இப்ப நல்லா நடக்கறீங்களா? மாடி ஏறலாமா? சரி, குடுங்க புடவைய. நம்ம மாதாக்கு ஆறு கஜத்த மடிச்சுக் கட்டறதுக்குள்ள எனக்கு முதுவு போயிடும். எல்லாரும் முழுப் புடவையே கொண்டாருவாங்க, அளவு கேக்கவே மாட்டாங்க."

மஞ்சள் துணியைப் பிரித்தார். புடவையை ஜன்னல் வெளிச்சத்தில் விரித்தார். கரையைப் பார்த்தார். அப்புறம் சம்பந்தத்தின் முகத்தைப் பார்த்தார். சவரியம்மாளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

"எங்க சுவத்துக் கொடிய அப்படியே நெய்துகினு வந்திருக்கீங்களே. எத்தினியோ பேர் எத்தினியோ புடவ குடுத்திருக்காங்க. கோயில இவ்வளோ உத்துப் பாத்து யாரும் செய்யல. தோ, திரும்பின எலையக் கூட விடல. அதையும் போட்டிருக்கீங்க. மகராசனா இருக்கணும் நீங்க."

உலகத்தில் யாருக்காவது இப்படி நேர்ந்திருக்குமா தெரியவில்லை. ஒரு வீட்டுப் பொருளை அந்த வீட்டுக்கே பரிசாகக் கொண்டு போய், அதற்கு ஆசீர்வாதமும் வாங்கிக்கொண்டு நின்றோம்.

"எங்கம்மா அந்த எலை?" என்று நான்தான் கேட்டேன்.

"வாங்க, காட்றேன். கோயில் பூரா ஒரே எடத்துலதான் அப்படி இருக்குது. படம் போட்ட ஆளு அச்சு அட்டையத் திருப்பி வெச்சிட்டாரு போல. செபம் நடக்கறப்போ புள்ளைங்க அதத்தான் தேடிகினு உக்காந்திருக்கும். நானும் சின்னதுல அதே வேலதான்."

மூன்றாவது ஜன்னல் ஓரமாக எங்களை நிறுத்தினார். நான் நிமிர்ந்து பார்த்தேன். கோயிலைச் சுற்றிலும், தலைக்கு ஒரு முழம் மேலே, பச்சைக் கொடி ஓடியது. பொன் கொத்து, வலப்பக்கம் பார்த்த இலைகள். இருபத்தாறு வருஷமாக என் கை ஓட்டை அடித்த கொடி. இலையின் நரம்பு எத்தனை, சுருள் எந்தப் பக்கம் சுற்றும் என்பதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். ஜன்னல் விளிம்புக்குப் பக்கத்தில், வெயில் பட்டு நிறம் கொஞ்சம் வெளுத்து, அந்த ஓர் இலை இடப்பக்கம் திரும்பியிருந்தது.

ஒட்ட வைத்த இலை இல்லை. சுவரில் இருந்தது.

சவரியம்மாள் புடவை கட்டப் போய்விட்டார். சம்பந்தம் மெதுவாகச் சுவரோரம் தரையில் உட்கார்ந்தார். எனக்குப் பயம். "நெஞ்சு வலிக்குதாங்க?" என்றேன். இல்லை என்று தலையாட்டிவிட்டு எதிர்ப்பக்க வாசலையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இங்கதான் காத்து வருது. பாரேன்" என்றார். "கோயில்லயே இந்த எடத்துலதான். எங்கப்பா தேசூர் பக்கமெல்லாம் சைக்கிள்ல புடவை மூட்டை கட்டிகினு வருவாரு. மத்தியான வெயில்ல இங்கதான் உக்காந்திருப்பாரு. உக்காந்து பாத்தா கண்ணுக்கு நேரா அந்த எலைதான் தெரியுது."

"கனவுன்னு அவரே சொன்னாரா?"

"இல்ல." இலையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "யார் கேட்டாலும் 'கெடச்சுது'ன்னு சொல்வாரு. அவ்வளோதான். கனவுன்னது நானு. சென்னைல ஒரு எக்ஸிபிஷன்ல ஒரு அம்மா கேட்டாங்க, வாய்க்கு வந்தத சொன்னேன். அவங்க கும்புட்டு வாங்கினாங்க. அப்பறம் அதையே சொல்லிச் சொல்லி, நானே நம்பிட்டேன் திலகா."

எனக்கு அவர் மேல் கோபம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. சட்டையில்லாமல், மூட்டையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, வேர்வை ஆறக் காத்திருந்த ஓர் ஆளைத்தான் என்னால் நினைக்க முடிந்தது. எழுந்து போ என்று யாரும் அவரை விரட்டவில்லை. நீ எந்தச் சாதி, எந்தச் சாமி என்று கேட்கவில்லை. தண்ணீர் கூடக் கொடுத்திருப்பார்கள். அந்த நிழலில் கிடைத்ததைத்தான் நாங்கள் மூன்று தலைமுறையாகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறோம். அது தெரியாமலே சாப்பிட்டோம். தெரிந்து சொன்ன ஒருவனையும் துரத்திவிட்டோம்.

துரத்தியது நான். சம்பந்தம் அன்று வாயைத் திறக்கவே இல்லை.

பீடத்துக்கு முன்னால் போய் முட்டி போட்டேன். அங்கே எப்படிக் கும்பிடுவது என்று எனக்குத் தெரியாது. நம் கோயிலில் கும்பிடுவது போலவே கும்பிட்டேன். சவரியம்மாள் குண்டூசியை வாயில் கவ்விக்கொண்டு கொசுவம் மடித்துக்கொண்டிருந்தார். அரக்குப் பட்டில் மாதா எங்கள் பக்கத்துக் கல்யாணப் பெண் மாதிரி நின்றார். ஆம்புலன்ஸில் வராத அழுகை அப்போது வந்தது. இவரைக் காப்பாற்றிக் கொடுத்ததற்கு நன்றி, என் மாமனாரை உட்கார விட்டதற்கு நன்றி, இந்த இலையை யாரும் அழித்து நேராக்காமல் வைத்திருந்ததற்கு நன்றி என்று வாய்விட்டே சொன்னேன். கேட்க ஒன்றும் இல்லை. ஒன்றே ஒன்று இருந்தது. தம்பி முகத்தில் முழிக்க எனக்குத் தைரியம் வேண்டும் என்று கேட்டேன்.

கிளம்பலாம் என்று எழுந்தபோது சவரியம்மாள் தடுத்தார்.

"எங்க போறீங்க? பன்னண்டு மணி செபம் முடியட்டும். புடவைய வாங்கிகினு போணும்ல."

"சாத்தின புடவைய திருப்பி வாங்கறதா?"

"இந்தக் கோயில்ல அப்படித்தான். மாதா வெச்சுக்க மாட்டாங்க. செபத்துக்கு மட்டும் கட்டுவாங்க. அப்பறம் நேர்ந்துகினவங்க வீட்டுப் பொம்பளைக்குப் போய்ச் சேரணும். யாரு நேர்ந்தது, நீங்களாம்மா?"

நான் பதில் சொல்வதற்குள் சம்பந்தம் சொன்னார். "இல்லீங்க. என் மச்சான்."

"அப்ப மச்சான் பொண்டாட்டிக்கு. வேற யாரும் கட்டக் கூடாது. நீங்களே கையில குடுத்துடுங்க. மறந்து பீரோல வெச்சிடாதீங்க, சில பேர் அப்படிப் பண்றாங்க."

எந்தக் கரை அந்த வீட்டுத் தறியில் ஏறக் கூடாது என்று நாங்கள் தடுத்தோமோ, அதே கரை அந்த வீட்டுக்குப் போகிறது. அதை நாங்களே சுமந்துகொண்டு போக வேண்டும். மாதாவுக்கு எல்லாம் தெரியும் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மணி அடித்தது. ஏழெட்டுப் பேர் வந்து செபம் சொன்னார்கள். முடிந்ததும் சவரியம்மாள் குண்டூசிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் புடவையை மடித்து, மேலே இரண்டு சாமந்திப் பூ வைத்து என் கையில் கொடுத்தார். சம்பந்தம் அவரிடம் என்னவோ சொல்ல வாயெடுத்தார். சொல்லிவிட்டார்.

"அம்மா, உங்க கோயிலப் பாத்து இந்தப் புடவைய நெய்யல. நாங்க நெய்யறதே இதுதான். எங்கப்பா இங்க பாத்துப் போட்டிருக்காரு. எங்களுக்கு இன்னிக்குத்தான் தெரியும்."

சவரியம்மாள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். "அதனால இன்னா? எலைக்கு வலிக்கவா போவுது" என்று சொல்லிவிட்டு ஒட்டடைக் கம்பைத் தேடிப் போய்விட்டார்.

திரும்பும் வழியில் சேத்துப்பட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னார் சம்பந்தம். சாத்துக்குடியும் கொய்யாவும் வாங்கிக்கொண்டு வந்தார்.

"ஆறு வருஷம் கழிச்சு வெறுங்கையோடவா போறது" என்றார். என் மடியில் மாதா கட்டிய பட்டுப்புடவை இருந்தது. மனுஷனுக்கு அது கணக்கில் வரவில்லை.

சேவூரில் குமரேசன் வீட்டு வாசலில் இறங்கும்போது மணி மூன்று. பக்கத்து வீட்டு விசைத்தறி தடதடத்துக்கொண்டிருந்தது. கதவைத் திறந்தது ராதிகா. எங்களைப் பார்த்ததும், "இருங்க, வரேன்" என்று சொல்லிவிட்டு உள்ளே ஓடினாள். குமரேசன் பனியனோடு வந்தான். காதோரம் நரைத்திருந்தது. என் தம்பிக்கு நரைத்ததை நான் பார்க்கவே இல்லை.

சம்பந்தம் பழப் பையை அவனிடம் நீட்டினார்.

"இலை திரும்பித்தான் இருக்குது" என்றார் சம்பந்தம்.

"தெரியும் மாமா" என்றான் குமரேசன். அப்புறம், "உள்ள வந்து ஃபேன் கீழ உக்காருங்க. வேர்த்துக் கொட்டுது உங்களுக்கு" என்றான்.

உள்ளே போனோம். பாய் விரித்தார்கள். புடவையை ராதிகா கையில் கொடுத்தேன். மாதா கட்டினது, நீதான் கட்ட வேண்டும் என்று சொன்னேன். அவள் பிரித்துப் பார்த்தாள். கரையைக் கண்டதும் கை நின்றது. புருஷன் முகத்தைப் பார்த்தாள். குமரேசன் பாயில் முட்டி போட்டு உட்கார்ந்து புடவைத் தலைப்பை இழுத்து விரித்தான். சம்பந்தமும் எதிரில் உட்கார்ந்துவிட்டார். குனியக் கூடாது என்று டாக்டர் சொன்னதை நான் நினைவுபடுத்தவில்லை. இரண்டு பேர் விரலும் கரையில் ஓடி அந்த இலையில் வந்து நின்றன.

"நெருக்கம் பத்தல மாமா. ஊடை நூல கொஞ்சம் சேர்த்துப் போடணும்" என்றான் குமரேசன்.

"நீதான் நெருக்கமா போடற ஆளாச்சே" என்றார் சம்பந்தம். சொல்லிவிட்டு அவன் தோளைப் பிடித்துக்கொண்டார். "நெய் மச்சான். நாளைக்கே ஏத்து. நாலு பேர் முன்னால நீ பொய் சொன்னன்னு முடிவாச்சு இல்ல? அதே நாலு பேர் முன்னால நான் வந்து சொல்றேன். சுவத்த பாத்துட்டு வந்தேன்னு."

குமரேசன் தலையைக் குனிந்துகொண்டான். "நானும் ஒரு வார்த்த உங்ககிட்ட கேட்டுட்டுப் போட்டிருக்கலாம். சுவத்துல இருக்கறதுதானேன்னு ஒரு திமிரு."

எனக்கு அதற்கு மேல் தாங்கவில்லை. "அந்தக் கோயிலுக்கே ஏன்டா போனே?" என்று கேட்டேன். ஆறு வருஷத்தில் அவனிடம் நான் பேசிய முதல் வார்த்தை. அதையும் திட்டுகிற குரலில்தான் கேட்டேன்.

"அன்னிக்கு அப்பறம் அந்தப் பக்கமே போகலக்கா. அந்தச் சுவர நெனச்சாலே வயிறு எரியும். மாமாக்கு இப்படின்னு ஜெயா அழுதுகினு சொன்னா. வண்டிய எடுத்தேன். ஆஸ்பத்திரிக்கு வந்தா நீ உள்ள விடுவியோ மாட்டியோ. எங்க போறதுன்னு தெரியல. பாத்தா அங்க நின்னுகினு இருக்கேன்."

ராதிகா டம்ளரில் காபி கொண்டுவந்து வைத்தாள். சம்பந்தத்துக்குச் சர்க்கரை போடவில்லை. யார் சொன்னார்கள் அவளுக்கு? எங்கள் வீட்டில் நடந்த ஒவ்வொன்றையும் இந்த வீடு கேட்டுத் தெரிந்துகொண்டிருந்தது. நான்தான் இந்த வீட்டைப் பற்றி எதுவுமே கேட்காமல் இருந்தேன்.

"உடனே ஏத்த முடியாது மாமா" என்றான் குமரேசன். "அட்டைய அன்னிக்கே உங்க வாசல்ல போட்டுட்டேன். கம்ப்யூட்டர்ல இருந்ததையும் கோவத்துல அழிச்சிட்டேன். முதல்லேர்ந்து போடணும்."

"அதான் கொளுத்தியாச்சே" என்றார் சம்பந்தம் வருத்தமாக. என்னைப் பார்த்தார்.

டம்ளரைக் கீழே வைத்தேன்.

"கொளுத்தல" என்றேன். "பரண் மேல இருக்குது. வெள்ளத் துணி சுத்தி வெச்சிருக்கேன். எலி கடிக்கல, பூச்சி அரிக்கல. வருஷா வருஷம் பொங்கலுக்கு ஒட்டடை அடிக்கறப்ப எறக்கி, வெயில் காட்டி, பாச்சை உருண்டை மாத்தி வெச்சுகினு இருந்தேன். இந்த வருஷமும் மாத்தினேன்."

பக்கத்து வீட்டு விசைத்தறி எப்போது நின்றது என்று தெரியவில்லை. குமரேசன் என்னையே பார்த்தான். சின்ன வயதில் அழுகையை அடக்க அவன் கீழுதட்டைக் கடிப்பான். இப்போதும் அதேதான் செய்தான்.

"எனக்குத் தம்பி இல்லன்னு சொன்னியேக்கா" என்றான்.

"சொன்னேன்" என்றேன். "வாய் சொல்லிச்சு. எழுந்து சட்டைய போடு. ஆட்டோ கூப்பிடு. பரண்ல ஏற உங்க மாமாவால முடியாது."